ருசி பார்க்காத டிரெஸ்ஸிங்

நான் சமைத்ததை நானே ருசி பார்க்கிற பழக்கம் எனக்கு இருந்ததில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, வளர்ப்பு அப்படி. பழனியில் என் பிறந்த வீடு கோயில் மடப்பள்ளி வேலை பார்த்த வீடு. சாமிக்குப் போகிற சோற்றை முந்திக்கொண்டு யாராவது நாக்கில் வைத்துப் பார்ப்பார்களா? முகர்ந்துகூடப் பார்க்கக் கூடாது. பொங்கல் கிண்டும்போது என் அப்பா வாயையும் மூக்கையும் சேர்த்துத் துண்டால் கட்டிக்கொள்வார். உப்பு கைக்குத் தெரியும், பதம் கண்ணுக்குத் தெரியும், அதற்கு மேல் நாக்குக்கு என்ன வேலை என்பது எங்கள் வீட்டுச் சட்டம். வீட்டு ரசத்துக்கும் அதே சட்டம்தான். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்க்கிற பெண்களைக் கண்டால் எனக்கு இளக்காரமாக இருக்கும். இவளுக்குக் கை வரவில்லை, நாக்கை வைத்துப் பிழைக்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.

இந்தத் திமிரோடுதான் கல்யாணமாகிக் கொடைக்கானலுக்கு வந்தேன். சுதந்திரம் வந்து ஆறேழு வருஷம் ஆகியிருந்தது. என் வீட்டுக்காரர் மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றின் ஆபீசில் டைப்பிஸ்ட். அவரும் பழனிக்காரர்தான். வத்தலக்குண்டு சுற்றி பஸ்ஸில் மலையேறி வந்து அவர் எனக்குக் காட்டிய மாளிகை, செண்பகனூரில் ஒரு கடைக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறை. பாதி இடத்தில் கடைக்காரரின் உருளைக்கிழங்கு மூட்டைகள். மீதி இடத்தில் நாங்கள். சுவரில் விரலை வைத்து இழுத்தால் தண்ணீர் கோடு விழும். புகைபோக்கி கிடையாது, ஈர விறகின் புகை போக வழி தெரியாமல் எங்களோடேயே குடியிருந்தது. துவைத்துப் போட்ட துணி காய்வதற்குள் அடுத்த துவைப்பு வந்துவிடும்.

முதல் பிள்ளையை அந்த அறையில்தான் பெற்றேன். மழைக்காலத்தில் நெஞ்சுச் சளி கட்டி, நாற்பது நாள் முடிவதற்குள் போய்விட்டது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு இஷ்டமில்லை. அடுத்த வருஷம் மறுபடியும் வயிற்றில் தங்கியபோது, இந்தப் பிள்ளையை அந்தச் சுவருக்கு நடுவில் பெறமாட்டேன் என்று தீர்மானம் செய்தேன். தீர்மானம் செய்யலாம், வீட்டுக்கு எங்கே போவது?

பள்ளிக்கூட வளாகத்தில் ஊழியர் குவார்ட்டர்ஸ் ஒன்று அந்த நேரத்தில் காலியானது. இரண்டு அறை, பலகைத் தரை, புகைபோக்கி வைத்த கணப்பு. அதைக் கேட்டு எழுதிக் கொடுத்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் என் வீட்டுக்காரர், இன்னொருவர் ஸ்டோர்க்காரர். முடிவு செய்ய வேண்டியவர் ஹாஸ்டலையும் குவார்ட்டர்ஸையும் பார்த்துக்கொண்ட வெள்ளைக்கார அம்மாள். எல்லோரும் அவரை மிஸ்ஸியம்மா என்போம். ஐம்பது வயதுக்கு மேல், ஒற்றை ஆள். தமிழைப் புத்தகத்தில் படித்துக் கற்றவர், அதனால் அவர் பேசினால் அச்சடித்த மாதிரி இருக்கும். ஸ்டோர்க்காரருக்கு எங்களைவிட நாலு வருஷம் சர்வீஸ் அதிகம். எங்களுக்கு அதிகமாக இருந்தது என் வயிறு ஒன்றுதான்.

வருஷத்துக்கு ஒருமுறை அங்கே ஊழியர் விருந்து நடக்கும். ஆளுக்கு ஒரு பண்டம் வீட்டில் செய்து கொண்டுவர வேண்டும். யார் என்ன கொண்டுவருவது என்று பலகையில் ஒரு தாள் குத்தியிருப்பார்கள், அவரவர் பேரை எதிரில் எழுத வேண்டும். என் வீட்டுக்காரர் அன்று சாயங்காலம் வெற்றி வீரராக வந்தார்.

"இந்தா, நம்ம பேருக்கு டிரெஸ்ஸிங்னு எழுதிட்டு வந்திட்டேன்."

"அப்படின்னா என்னங்க?"

"பச்சக் காயி, எலையெல்லாம் நறுக்கி வப்பாகல்ல, அதுக்கு மேல ஊத்துறது. லிஸ்டுலயே அதுதான் சின்னதா இருந்துச்சு. நீயும் வாயும் வயிறுமா இருக்க. ஸ்டோர்க்காரரு கேக்குன்னு எழுதியிருக்காரு, அவரு சம்சாரம் ரெண்டு நாளைக்கு அடுப்படியிலேயே கெடக்கணும்."

அவருடைய கரிசனத்தை மெச்சினேன். மறுநாள், மிஸ்ஸியம்மா வீட்டுச் சமையல்காரர் அந்தப் பக்கம் வந்தபோது பிடித்துக்கொண்டேன். அவர் வெள்ளகவிக்காரர், எல்லோருக்கும் பட்லர் அண்ணன். மாதம் ஒருமுறை ஒற்றையடிப் பாதையில் இறங்கி ஊருக்குப் போவார், வெள்ளகவியில் யாரும் செருப்புப் போடுவதில்லை என்பதால் வழியிலேயே ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார். மேலே இருக்கும்போது இங்கிலீஷ், கீழே இறங்கினால் வெறுங்கால்.

"டிரெஸ்ஸிங்கா? ஈஸி தாயி. நாலு எக் மஞ்சக்கரு, அதுல ஆயில சொட்டுச் சொட்டா விட்டு அடிச்சுக்கிட்டே இருக்கணும்."

"வெந்த முட்டையாண்ணே?"

"பச்ச முட்ட."

நான் பக்கத்திலிருந்த கிழங்கு மூட்டையில் உட்கார்ந்துவிட்டேன். எங்கள் வீட்டில் முட்டை என்ற சொல்லையே வாசலுக்கு வெளியில் நின்றுதான் சொல்ல வேண்டும். அண்ணன் என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டார்.

"எக் வேணாம்னா இன்னொரு ரூட் இருக்கு. டின் பாலு. இனிப்புக் கட்டிப் பாலு இருக்குல்ல, அதுல வினிகர விட்டுக் கலக்கு, தானா கெட்டியாயிரும். ஒரு டின்னுக்கு அரை கப் வினிகர், உப்பு ஒரு ஸ்பூன், மஸ்டர்ட் ரெண்டு ஸ்பூன். அம்புட்டுத்தான். கடைசியில டேஸ்ட் பண்ணிப் பாத்துட்டு எது கொறையுதோ அதப் போட்டுக்க."

கடைசி வாக்கியத்தை மட்டும் நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. யாரிடம் வந்து என்ன சொல்கிறார் என்று நினைத்தேன்.

பால் டின்னும் வினிகரும் பஜாரில் கிடைத்தன. மஸ்டர்ட் என்று ஒரு சின்ன டப்பாவில் மஞ்சள் நிறப் பொடி வைத்திருந்தார்கள். ஏற்கனவே பிரித்த டப்பா ஒன்றிலிருந்து கடைக்காரர் ஒரு சிட்டிகை காட்டினார். வெளிறிப்போய், வாசனையே இல்லாமல் கிடந்தது. கடுகு என்று சொல்லிக்கொள்ளக் கூச்சப்படுகிற பொடி. இதை என்றைக்கு எந்தச் சீமையில் அரைத்தார்களோ, கப்பலில் வந்து சாரமெல்லாம் செத்துப்போயிருக்கும், பாவம் இந்த வெள்ளைக்காரர்கள் நல்ல கடுகைக் கண்ணால் கண்டதில்லை என்று எனக்கு அவர்கள்மேல் இரக்கம் வந்தது. நம் ஊர்க் கருங்கடுகை வாங்கிக்கொண்டு வந்தேன்.

நாற்பது பேருக்கு மூன்று டின். அப்படியென்றால் கடுகு ஆறு ஸ்பூன். ஆறு குவியல் ஸ்பூன் எடுத்து, நல்ல காரியத்துக்கு எண்ணிக்கை ஒற்றைப்படையில் இருக்கட்டும் என்று இன்னொன்றும் சேர்த்து, பச்சையாகவே அம்மியில் வைத்து, தண்ணீர் தெளித்து விழுதாக அரைத்தேன். கண் எரிந்தது. அந்த அறையில் கண் எரியாத நாள் எது? பழியை விறகின்மேல் போட்டேன். விழுதை வழித்து மூடி வைத்துவிட்டு, கொடியில் கிடந்த துணியைத் திருப்பிப் போட்டுவிட்டு, அரை மணி கழித்து வந்து பாலில் சேர்த்தேன். பச்சைக் கடுகை நீர் விட்டு அரைத்து ஊறவைத்தால் அதற்குள் என்ன கண்விழித்துக்கொள்ளும் என்பது ஊறுகாய் போடுகிற எவளுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் அது ஊறுகாய், இது துரைமார் பண்டம் என்று இரண்டையும் இரண்டு அலமாரியில் வைத்திருந்தேன்.

வினிகரை விட்டுக் கலக்கினேன். அண்ணன் சொன்னது பொய்யில்லை. தண்ணீராக இருந்தது கரண்டியைச் சுற்றிச் சுற்றி இறுகியது, தயிர் ஏடு மாதிரி ஒரு மினுமினுப்பு வந்தது. கரண்டியைச் சாய்த்தால் விழலாமா வேண்டாமா என்று யோசித்து விழுந்தது. கண்ணுக்குப் பதம் தெரிந்துவிட்டது. முடித்துவிட்டேன். வெள்ளைத் துணியால் வேடு கட்டி விருந்துக்குக் கொண்டுபோனோம்.

நானும் அவரும் அங்கே எதுவும் சாப்பிட மாட்டோம், டீ மட்டும்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். முட்டை எதில் இருக்கும் என்று யார் கண்டது. அதனால் சுவரோரமாக நின்று டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தோம். ஸ்டோர்க்காரர் வீட்டுக் கேக் நடு மேஜையில் நின்றது. நன்றாகத்தான் உப்பியிருந்தது, சும்மா சொல்லக் கூடாது. ஜெபம் முடிந்து, லெட்டூஸ் இலை, கேரட், பீட்ரூட், வேகவைத்த உருளைக்கிழங்கு எல்லாவற்றின் மேலும் என் டிரெஸ்ஸிங்கை ஊற்றிப் பரிமாறினார்கள்.

மிஸ்ஸியம்மா முதல் வாய் வைத்தார். மெல்லுவது நின்றது. கழுத்திலிருந்து சிவப்பு ஏறி நெற்றிக்குப் போனது. கைக்குட்டையை எடுத்தார். அடுத்து ஹாஸ்டல் மேஸ்திரி இருமினார். கணக்கு வாத்தியார் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு அப்படியே இருந்தார். ஒரு டீச்சர் தண்ணீர் குடித்தாள், மறுபடி குடித்தாள், பக்கத்தில் இருந்தவருடையதையும் எடுத்துக் குடித்தாள். மேஜை முழுக்கக் கண் கலங்கிய முகங்கள். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. மரியாதை தெரிந்த கூட்டம், சாவு வீட்டில்கூட அவ்வளவு அடக்கத்தை நான் பார்த்ததில்லை.

"என்னத்தப் போட்ட அதுல?" என்றார் என் வீட்டுக்காரர், உதடு அசையாமல்.

"போடச் சொன்னதத்தாங்க போட்டேன்."

"போச்சு. வீடு போச்சு."

 அந்தச் சுவரும் புகையும் கண் முன்னால் வந்தன. வயிற்றில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். அப்போது மிஸ்ஸியம்மா எழுந்து நேராக என்னிடம் வந்தார். மூக்கு நுனி சிவந்திருந்தது, கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது.

"அம்மா, இதை நீங்களா செய்தீர்கள்? பல வாரங்களாக நான் இப்படி உணரவில்லை. மிக்க நன்றி."

சொல்லிவிட்டுப் போய் இரண்டாம் தரம் போட்டுக்கொண்டார். மேலதிகாரி இரண்டாம் தரம் போட்டுக்கொண்டால் மற்றவர்கள் சும்மா இருக்க முடியுமா? வாத்தியார், மேஸ்திரி, ஸ்டோர்க்காரர் உட்பட எல்லோரும் தட்டை நீட்டினார்கள். பாத்திரம் வழித்த பாத்திரமாகத் திரும்பி வந்தது. ஸ்டோர்க்காரர் சம்சாரம் இரண்டு நாள் அடுப்படியில் கிடந்து செய்த கேக்கை, நாக்கு வேறெதையும் உணரும் நிலையில் இல்லாதவர்கள் தின்று தீர்த்தார்கள். நன்றாயிருக்கிறது என்று ஒரு ஆள் சொல்லவில்லை. அன்றைக்கு எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

நாலாம் நாள் காலையில் பட்லர் அண்ணன் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"தாயி, ஒன் டிரெஸ்ஸிங்கு அம்மாவ எங்கயோ கொண்டு போயிருச்சு போ," என்றார். "வெரசா சாமானக் கட்டு."

தை மாதம் அந்தப் பலகைத் தரை வீட்டில், கணப்பு எரிய, என் மகள் பிறந்தாள். தும்மல்கூட இல்லாமல் வளர்ந்தாள்.

அதற்குப் பிறகு பதினோரு வருஷம் எனக்குத் தலை கால் புரியவில்லை. நடந்ததற்கு நான் வைத்திருந்த விளக்கம் இதுதான்: அந்த அம்மாளுக்குத் தன் சொந்த ஊர், தன் அம்மா கைச் சமையல், எல்லாம் ஒரே வாயில் ஞாபகம் வந்துவிட்டது. அழுதுவிட்டார். பெற்ற தாயின் ருசியைக் கொண்டுவந்தவளுக்கு ஒரு வீடு கொடுப்பது பெரிய காரியமா? ஆண்டுதோறும் விருந்துத் தாளில் டிரெஸ்ஸிங் என்ற இடத்தில் எங்கள் பேர் தானாகவே எழுதப்பட்டிருக்கும். அதுபோக, மழை தொடங்கியதும் மிஸ்ஸியம்மா ஒரு பாட்டில் தனியாகக் கேட்டு அனுப்புவார். அவருக்குச் சாலட் ஆசை மழைக்காலத்தில்தான் வரும் என்று நான் புரிந்துவைத்திருந்தேன். சீமையில் அப்படி ஒரு வழக்கம் போல.

ஒருமுறை ஸ்டோர்க்காரர் சம்சாரத்துக்குப் புத்திமதிகூடச் சொன்னேன்.

"கேக்கெல்லாம் யாரு வேணா செய்யலாம்க்கா. இது கைப்பக்குவம்."

"வாஸ்தவந்தான்," என்றாள் அவள். "ஒரு தடவ தின்னா செத்தாலும் மறக்காது."

வீட்டுக்கு வந்து இதை அவரிடம் சொல்லி மகிழ்ந்தேன்.

மகள் அஞ்சாவது படிக்கும்போது மிஸ்ஸியம்மா ஓய்வு பெற்றுத் தன் தேசத்துக்குக் கிளம்பினார். அவர் இடத்துக்கு வரப்போகிறவர், ஹாஸ்டலுக்கு இடம் போதவில்லை என்று எங்கள் வரிசைக் குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லப்போகிறார் என்று பேச்சு கிளம்பியது. மறுபடியும் செண்பகனூர்ச் சுவர் என் கனவில் வந்து நின்றது.

"போயி ஒரு வார்த்த கேளு. ஒன் மேலதான் அவுகளுக்குப் பிரியம்," என்றார் என் வீட்டுக்காரர்.

"நீங்க கேக்கப்படாதா?"

"நான் டைப்பிஸ்ட்டு. எனக்குச் சொல்றதத்தான் அடிக்க முடியும்."

கேட்டு வாங்கினால் என் கைப்பக்குவத்துக்கு என்ன மரியாதை? கேட்காமல் இருந்தால் பிள்ளைக்கு வீடு ஏது? இந்த இரண்டுக்கும் நடுவில் மென்று விழுங்கிக்கொண்டு, கடைசி நாளில் சாமான் கட்ட ஒத்தாசைக்குப் போனேன். மிஸ்ஸியம்மா சாப்பாட்டு அறையில் பீங்கான்களைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தார். படுக்கையறை மருந்து அலமாரியைக் காலி செய்து தரும்படி என்னை அனுப்பினார்.

யூகலிப்டஸ் தைலம். நெஞ்சில் தேய்க்கிற களிம்பு. இருமல் மருந்து, தெர்மாமீட்டர். அவற்றுக்கு நடுவில், பாதி காலியாக, என் டிரெஸ்ஸிங் பாட்டில். அந்த மழைக்கு நான் கொடுத்தனுப்பியது. அதன்மேல் ஒரு தாள் ஒட்டியிருந்தது. பட்லர் அண்ணன் படிக்க வேண்டும் என்று அந்த அம்மாளே உருட்டி உருட்டித் தமிழில் எழுதியிருந்தார்: 'மூக்கடைப்புக்கு. படுக்குமுன் ஒரு சிறு கரண்டி. விருந்தினருக்குக் கொடுக்க வேண்டாம்.'

இரண்டு தரம் படித்தேன். கடைசி வரியை மூன்றாம் தரமும் படித்தேன். பதினோரு வருஷத்து விருந்துகள் ஒவ்வொன்றாக எனக்கு வேறு மாதிரி தெரியத் தொடங்கின. கூரையைப் பார்த்த வாத்தியார். தண்ணீர் குடித்த டீச்சர். செத்தாலும் மறக்காது என்றவள். பல வாரமாக இப்படி உணரவில்லை என்றால், பல வாரமாக அந்த அம்மாளுக்கு மூச்சு விட முடியவில்லை என்று அர்த்தம். அன்றைக்கு ராத்திரி நிம்மதியாகத் தூங்கியிருப்பார், எழுந்ததும் வீட்டை எங்களுக்கென்று முடிவு செய்திருப்பார். பெற்ற தாயாம், சொந்த ஊராம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அவர்மேல் வந்ததா என்மேல் வந்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

அப்படி என்னதான் செய்து வைத்திருக்கிறேன் என்று மூடியைத் திறந்தேன். எங்கள் அப்பாவை மனதுக்குள் நினைத்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். சிறு கரண்டி அங்கேயே பக்கத்தில் இருந்தது. ஒரு கரண்டி நிறைய எடுத்து வாயில் போட்டேன்.

முதலில் இனித்தது. பரவாயில்லையே என்று நினைத்தேன். பிறகு புளித்தது. பிறகு அது நாக்கை விட்டுவிட்டு மூக்கின் பின்பக்கமாக ஏறியது. புருவத்துக்கு நடுவில் ஆணி அடித்தது, உச்சந்தலையைத் திறந்துகொண்டு வெளியே போனது. கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டியது. மூச்சு விட முடியவில்லை, பேச முடியவில்லை, அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அந்த நேரம் பார்த்து மிஸ்ஸியம்மா உள்ளே வந்தார். நான் அவசரமாகப் பாட்டிலை முந்தானைக்குள் மறைத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். மருந்து அலமாரியைப் பார்த்தார், காலியான கட்டிலைப் பார்த்தார். அவர் முகம் உடைந்துவிட்டது.

"அழாதீர்கள். நீங்கள் இவ்வளவு அழுவீர்கள் என்று நான் நினைக்கவில்லை," என்றார். அவரும் அழுதார். என் தோளைப் பிடித்துக்கொண்டார். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். காற்றுத்தான் வந்தது. தலையை ஆட்டினேன். ஆட்ட ஆட்ட இன்னும் கொட்டியது.

"ஒருவரும் என்னிடம் வந்து இப்படி அழவில்லை. எல்லாரும் ஏதாவது கேட்டார்கள். நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை." கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உங்கள் வீட்டைப் பற்றி உங்களுக்குக் கவலை இருக்கும். எனக்குத் தெரியும். உட்காருங்கள்."

கட்டிவைத்த பெட்டியைத் திறந்து காகிதமும் பேனாவும் எடுத்தார். அந்தக் குடும்பம் அந்த வீட்டில்தான் இருக்க வேண்டும், ஊழியர் ஓய்வு பெறும்வரை யாரும் அவர்களைக் காலி செய்யச் சொல்லக் கூடாது என்று தன் பின்னால் வருகிறவருக்குக் கைப்பட எழுதி, கையெழுத்துப் போட்டு, உறையில் வைத்து என் கையில் கொடுத்தார். நான் கும்பிட்டேன். அதற்கு மட்டும்தான் குரல் வேண்டியிருக்கவில்லை.

வீட்டுக்கு வந்தேன். கண் இரண்டும் வீங்கி, மூக்கு சிவந்து, மடியில் பாட்டிலும் கையில் உறையுமாக. என் வீட்டுக்காரர் கடிதத்தை நின்றபடியே படித்தார். உட்கார்ந்து மறுபடியும் படித்தார்.

"அடேயப்பா. அப்படி என்ன சொல்லிக் கேட்ட?"

"ஒண்ணும் கேக்கலைங்க," என்றேன். "கொஞ்சம் ருசி பாத்தேன்."